மூன்று அறை அருங்காட்சியகமும் மூன்று வாரப் பயணமும்

கேள்வி: ஐயா, கடலூர் முதுநகரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய அருங்காட்சியகத்தில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். மொத்தம் மூன்று அறை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பொருள்கள்: பானை ஓடுகள், கண்ணாடி மணிகள், நாற்பது ஐம்பது ஓலைச்சுவடிக் கட்டுகள், மரக்கால், படி, பழைய வலைகள், ஒரு கட்டுமர மாதிரி, சுனாமி சமயத்துப் புகைப்படங்கள். ஊழியர் என்று நானும் காவலாளி அண்ணனும்தான். போன ஜனவரியில் பிரான்ஸின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது கடிதம் எழுதியிருக்கிறார்: "நான் மூன்று வாரம் உங்களிடம் வந்து வேலை செய்கிறேன், நீங்கள் மூன்று வாரம் எங்களிடம் வாருங்கள்." எங்கள் செயலாளரோ, "பாரிஸ் பார்க்கப் போறியா? அந்த மூணு வாரம் கதவை யார் திறக்கிறது?" என்று கேட்கிறார். எனக்கு பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் சுமார். நான் போகலாமா? போனால் எங்கள் மூன்று அறைக்கு என்ன லாபம்? எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

பதில்:

அன்புள்ள அம்மா,

தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று உறுத்தியது. முழுக்க முழுக்க நீங்கள் அங்கே போவதைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். அந்த அம்மா இங்கே வருவதைப் பற்றி அரை வரிதான் இருக்கிறது. வந்தால் அவரை எங்கே உட்கார வைப்பீர்கள்? முதல் நாள் காலையில் அவர் கையில் என்ன வேலையைக் கொடுப்பீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், நீங்கள் அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். முப்பது வருஷத்துக்கு மேல் அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேலையில் இருந்தவன் நான். இப்படி வந்தவர்களையும் போனவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போன பரிமாற்றங்களில் பெரும்பாலும் கெட்டது வந்தவரின் பாதிதான். மாலை போட்டு வரவேற்போம், மாமல்லபுரம், சிதம்பரம், பிச்சாவரம் எல்லாம் காட்டுவோம், கடைசி நாள் ஒரு பொன்னாடை போர்த்துவோம். மனுஷி வேலை செய்ய வந்தவர் என்பதே மறந்துபோகும்.

"எங்களிடம் அவருக்குக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. உங்களிடம் இருப்பது புயல்.

வேடிக்கையாகச் சொல்லவில்லை. 2004 சுனாமியில் தேவனாம்பட்டினம் பட்ட பாடு உங்கள் சுவரிலேயே புகைப்படமாகத் தொங்குகிறது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து அப்படியே நின்று கொட்டியது. அது ஓய்ந்த பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரைச் சூழ்ந்தது. மழை விட்ட பிறகு வெள்ளம் வரும் என்ற இந்த இரண்டாம் அடியை நம் ஊர்க்காரர் அனுபவத்தில் அறிவார். அந்த அம்மாவின் கரை மட்டும் பாதுகாப்பானதா? 2010 பிப்ரவரி கடைசியில் சிந்தியா என்ற புயல் பிரான்ஸின் மேற்குக் கரையில் கடலை ஊருக்குள் கொண்டுவந்து பலரைப் பலிகொண்டது. கடலோரத்தில் அருங்காட்சியகம் வைத்திருக்கும் யாருக்கும் அதற்குப் பிறகு தூக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். அவர் உங்களைத் தேடி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஆக, வேலை இதுதான்: கடலூர் துறைமுகத்தில் பத்தாம் எண் கூண்டு ஏறினால், நீங்களும் காவலாளி அண்ணனும் முதலில் எந்தப் பெட்டியைத் தூக்குவீர்கள்? அடுத்து எது? எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? எதை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவீர்கள்? இந்தப் பட்டியலை அந்த அம்மாவும் நீங்களும் சேர்ந்து, உங்கள் மூன்று அறையில் நடந்து நடந்து எழுதுங்கள். பிறகு நீங்கள் அங்கே போய் அவருடைய கட்டடத்துக்கு அதே பட்டியலை எழுதுங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே வேலை. யாரும் யாருக்கும் குரு இல்லை.

எழுத உட்காரும்போதுதான் தெரியும், விடை அவ்வளவு சுலபம் இல்லை என்று. சுடுமண் பானை ஓடு ஒரு நாள் நனைந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், நிதானமாகக் காயவைத்தால் போதும். ஆனால் கடல் தண்ணீர் புகுந்தால் உப்பு உள்ளே இறங்கும், காயும்போது அது படிகமாகி மேற்பரப்பைப் பொரிபொரியாக உதிர்க்கும். புகைப்படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம். ஓலை நனைந்து கட்டோடு அடைந்து கிடந்தால் இரண்டு நாளில் பூஞ்சை பூத்துவிடும். அதனால் புகைப்படமும் சுவடியும் மேலே, ஓடுகள் கீழே. கண்ணாடி அலமாரியில் அழகாக இருப்பதைத்தான் முதலில் தூக்கத் தோன்றும். அது தப்பு. வேறெங்கும் நகல் இல்லாததைத் தூக்குங்கள். என் கணக்கில், எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டியது பதிவேடு.

இருக்கிறதா, பதிவேடு? கடிதத்தில் "நாற்பது ஐம்பது கட்டுகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பதா ஐம்பதா? இந்த ஒரு சொல்லிலேயே உங்கள் நிலைமை எனக்குத் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். விருந்தாளி வருவதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஒரு வரி விவரம், அளவு, ஒரு புகைப்படம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்ற குறிப்பு, இவ்வளவும் ஒரு தடித்த நோட்டில் ஏற வேண்டும். கணினியில் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். பானை ஓட்டில் எண்ணை நேராக எழுதாதீர்கள். பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து உள்பக்கம் மெல்லியதாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மையால் எண், மேலே இன்னொரு பூச்சு. வேண்டாம் என்றால் பின்னால் துடைத்து எடுத்துவிடலாம். நகப்பூச்சை உபயோகிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மஞ்சளாகி உரிந்துவிடும். ஓலையின்மேல் எதுவுமே எழுதக்கூடாது, கட்டின் கயிற்றில் ஒரு அட்டையைக் கட்டுங்கள். மணிகளுக்குப் பையின்மேல் எண் போதும்.

பதிவேடும் புகைப்படமும் என்ன செய்யும் என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் கல் அர்த்தநாரீசுவரர் எப்படியோ கடல் தாண்டி சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் போய் நின்றார். ஸ்ரீபுரந்தான் நடராசரோடு சேர்த்து 2014 செப்டம்பரில் அவரை ஆஸ்திரேலியா இந்தியாவிடம் ஒப்படைத்தது. அவர் விருத்தாசலத்துக்காரர்தான் என்பதற்குச் சாட்சி சொன்னவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். 1955-இல் தொடங்கிய அந்த நிறுவனம் ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படம்பிடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. எடுத்தவர்கள் திருட்டைக் கண்டுபிடிக்க எடுக்கவில்லை. சிலையையும் இடத்தையும் ஒழுங்காகக் குறித்து வைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு வேலைநாளில் அங்கே அனுமதி கேட்டுப் போய், படங்களை எப்படி அடுக்கி எண் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு முன்னால் இந்த ஒரு மணி நேர பஸ் பயணத்தை முடித்துவிடுங்கள்.

சரி, இனி நீங்கள் போவதைப் பற்றி. இதில் என்னுடைய ஒரு தோல்வியைச் சொன்னால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும். பல வருஷத்துக்கு முன் வட ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரின் சிறிய அருங்காட்சியகத்துக்கு ஒரு மாதம் போயிருந்தேன். அங்கே கிடங்கு அறையை ஈ நுழையாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். ஜன்னல் இடுக்கிலெல்லாம் நாடா ஒட்டியிருந்தது. உள்ளே மிதமான சூடு. ஈரப்பதமானி முள் அசையாமல் நின்றது. அசந்துபோனேன். ஊருக்குத் திரும்பி, நான் வேலை பார்த்த இடத்தில் சுவடி அறைக்கு அதையே செய்தேன். செப்டம்பரில் ஜன்னல்களை அடைத்தேன், பெருமையாக அறிக்கையும் எழுதினேன். நவம்பர் மழை பிடித்து ஒரு வாரம் கழித்துக் கதவைத் திறந்தால் ஈரத் துணி நாற்றம். பதினேழு கட்டுகளில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை.

காரணம் சின்னது. அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும்போது காற்று தானாக உலர்ந்துவிடும். உலர்ந்த காற்றை அவர்கள் உள்ளே அடைத்து வைத்திருந்தார்கள். நான் அடைத்ததோ நம் கடற்கரையின் ஈரக் காற்றை. ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்று, காற்றும் அசையாமல் இருந்தால் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. மழைக்காலத்தில் நம் கரையில் 80-க்கு மேல் போவது சாதாரணம். அதைக் குறைக்க நம்மால் முடியாதபோது காற்றையாவது அசைக்க வேண்டும். ஒரு சாதாரண மின்விசிறி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும் அலமாரி, இவை செய்கிற வேலையை அந்த நாடா செய்யாது. பகலில் மட்டும் ஏசி போட்டு ஐந்து மணிக்கு அணைத்துவிட்டுப் போவது இன்னும் மோசம். குளிர்ந்து கிடக்கும் பொருள்மேல் ஈரக் காற்று பட்டு வியர்க்கும். இதெல்லாம் எங்கள் அறையைக் கூட்டிப் பெருக்கிய பெரியவருக்கு முன்னமே தெரியும். "ஜன்னலைச் சாத்தாதீங்க சார், ஓலைக்கு மூச்சு முட்டும்" என்று சொன்னார். சொல்லியும் கேட்கவில்லை. ஏனென்றால் நான் வெளிநாடு போய் வந்தவன்.

ஆகவே அங்கே எதைப் பார்த்தாலும் "எப்படிச் செய்கிறீர்கள்" என்பதோடு நிற்காதீர்கள், "எதனால் செய்கிறீர்கள்" என்று கேளுங்கள். காரணத்தைக் கொண்டுவந்தால் இங்கே அதற்கு ஏற்ற வழியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். பூச்சிக்கு ஒட்டுப்பொறி வைத்து, வாராவாரம் எத்தனை ராமபாணம் விழுந்தது என்று எண்ணி எழுதுகிற பழக்கம் அவர்களிடம் இருக்கும். அதை அப்படியே கொண்டு வரலாம், எண்ணிக்கைக்கு எந்த ஊர் வானிலையும் தடையில்லை. அதே மாதிரி, ஓலையைத் தூசு தட்டி, எலுமிச்சைப் புல் எண்ணெயைப் பஞ்சில் ஒற்றி, இரண்டு பக்கமும் தடவி, நிழலில் ஆறவிட்டுக் கட்டுவதை அந்த அம்மா உங்களிடம்தான் கற்க முடியும். தரையில் பாய் விரித்து உட்காரச் சொல்லுங்கள். முதல் ஓலையை உடைந்த வெற்று ஓலையாகக் கொடுங்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். கோடையில் போனால் அங்கே சுற்றுலாக் கூட்டம். சின்ன இடத்தில் டிக்கெட் கிழிக்கத்தான் உங்களைக் கூப்பிடுவார்கள். கூட்டம் இல்லாத குளிர்காலத்தில்தான் கிடங்கைத் திறந்து அடுக்குவார்கள். அவரைக் கேட்டு அந்த நாள்களைப் பிடியுங்கள். அவர் இங்கே வர ஐப்பசி கார்த்திகை வேண்டாம், அக்னி நட்சத்திரமும் வேண்டாம். தை பிறந்த பிறகு வரட்டும். மாசி மகம் நடுவில் விழுந்தால் தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். ஊர் சுற்றிக் காட்ட அந்த ஒரு நாள் போதும்.

பிரெஞ்சு தெரியாதது ஒரு குறையே இல்லை. வேலை மேசையில் நூறு சொல் போதும். ஈரம், பூச்சி, எடை, ஜாக்கிரதை, நாளை, உடைந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு மொழியிலும் அதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

பணத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது. என் யோசனை: அறக்கட்டளைக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு ரூபாய்கூட மாற வேண்டாம். அவரவர் ஆளின் விமானச் செலவு அவரவருடையது, தங்க இடமும் சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் வரவேற்கிறவருடையது. அவர்கள் உங்கள் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பினால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே வரும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் கணக்கு வைத்துப் பெற வேண்டும். "என் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது குறுக்கு வழி சொன்னால் கேட்காதீர்கள். ஆடிட்டரிடம் ஒரு தடவை கடிதத்தைக் காட்டிவிடுங்கள். இதைப் படிக்கும் அரசு அருங்காட்சியக ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு அமைப்பு உங்கள் செலவை ஏற்றால், அதே சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். துறையின் தடையில்லாச் சான்று மட்டும் போதாது.

பிரான்ஸ் போக உங்களுக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்த அம்மா என்ன வேலைக்கு வருகிறார் என்பதை மறைக்காமல் இந்தியத் தூதரகத்துக்கு எழுதி, அவர்கள் சொல்லும் விசாவில் வரட்டும். அவரை உங்கள் வீட்டில் தங்கவைத்தால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கியிருக்கும் விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். ஓட்டலானால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இரண்டு பக்கத்தில் ஓர் ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள். தேதி, வேலை நேரம், பொருளைத் தொட யாருக்கு அனுமதி, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது. எடுக்கிற படங்களை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்பதை மட்டும் அழுத்தமாக எழுதுங்கள். எந்தக் கோயிலில் எந்தச் சிலை பூட்டில்லாமல் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லுகிற படம் நமக்கு வேண்டாம். உங்களுக்கு அந்த மூன்று வாரமும் பணிநாளாக, சம்பளத்தோடு என்பதையும் செயலாளர் கையெழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் கேட்டால் கிடைக்காது.

செயலாளரின் கேள்வியை நான் கிண்டல் செய்யமாட்டேன். கதவை யார் திறப்பது என்பதுதான் சின்ன அருங்காட்சியகத்தின் உண்மையான பிரச்சினை. அதனால்தான் அந்த அம்மா முதலில் வரட்டும் என்கிறேன். அவர் இருக்கும் மூன்று வாரத்தில் பக்கத்துக் கல்லூரியில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை உடன் வைத்துப் பழக்குங்கள். நீங்கள் போகும்போது அவர்களும் காவலாளி அண்ணனும் சனி ஞாயிறு மட்டும் திறந்தால் போதும். மற்ற நாள் பூட்டிவிட்டு வாசலில் அறிவிப்பு வைக்கலாம். செயலாளரை ஒரு நாள் அந்தப் புயல் பட்டியல் ஒத்திகைக்குக் கூப்பிடுங்கள். ஒரு பெட்டியை அவரையே தூக்கச் சொல்லுங்கள். பாரிஸைப் பற்றி அப்புறம் கேட்கமாட்டார்.

கடிதம் வராதவர்களும் இதைப் படிப்பீர்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2006 முதல் நடத்தும் சர்வதேசப் பயிற்சித் திட்டத்தில் இந்தியர்கள் நிறையப் பேர் போயிருக்கிறார்கள். சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் பழம்பொருள் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. இரண்டுமே நல்லவை. ஆனால் அவை ஆளைப் பயிற்றுவிக்கும் திட்டங்கள், அங்கிருந்து ஒருவர் உங்கள் மூன்று அறைக்கு வந்து உட்காரமாட்டார். என் மனசுக்குப் பிடித்த ஜோடி வேறு. தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பாட் என்று ஒரு மேடு, பெயருக்கே மணிமேடு என்றுதான் அர்த்தம். அரிக்கமேட்டில் கிடைப்பது போன்ற கண்ணாடி மணிகள் அங்கே கொட்டிக் கிடந்தன. 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறித்த, பொன் உரசிப் பார்க்கும் சிறு கல் ஒன்றும் அங்கே கிடைத்தது. இவற்றை வைத்திருப்பது பக்கத்து க்லோங் தோம் ஊரில் ஒரு புத்த விகாரையின் சின்ன அருங்காட்சியகம். அதே மாதிரி ஈரம், அதே மாதிரி பருவமழை, அதே மணிகள். பிரான்ஸ் வேலை முடிந்ததும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

மணி என்றதும் நினைவு வருகிறது. உங்களிடம் உள்ள மணிகளை வாத்தியார் எங்கே எடுத்தார், யாரிடம் வாங்கினார் என்று அவர் நினைவோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்ய வேண்டிய சிலை, சுடுமண் உருவம் ஏதாவது இருந்தால் 1972 தொல்பொருள் சட்டப்படி பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டு விருந்தாளி வந்த பிறகு இந்தக் கேள்வி எழுவது நன்றாக இருக்காது. பெட்டி கட்டும்போது "ஒரே ஒரு மணிதானே, அந்த அம்மாவுக்கு ஞாபகார்த்தமா இருக்கட்டும்" என்று யாராவது சொல்வார்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் எதையும் தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோவது குற்றம், அது மிளகளவு மணியானாலும் சரி. பரிசு கொடுக்க ஆசையாக இருந்தால் வில்லியனூர் சுடுமண் பொம்மை ஒன்று வாங்கிப் போங்கள். புதிதாகச் செய்ததுதான் என்று விமான நிலையத்தில் காட்ட, கடை பில்லைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.